வடேயேயில் வேலை இருக்கிறது, வீடு இல்லை

2003ஆம் ஆண்டு வட ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பூர்வகுடி ஊரான வடேயேயின் மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் டெய்லர் முறையை வகுத்துக் கொடுத்தார். வீடு வீடாகச் சென்று கேட்டவர்கள் ஊர்க்காரர்கள். யார் எந்தக் குலம், எந்தப் பாட்டியின் பேரன், இப்போது எந்த வீட்டில் படுக்கிறான் என்று தெரிந்தவர்கள். கணக்கு முடிந்தபோது இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அரசின் 2001 கணக்கெடுப்பு காட்டியதைவிட அது கணிசமாக அதிகம். பிறப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தால், இருபது ஆண்டுகளில் இந்தப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்றும் டெய்லர் கணித்தார்.

ஒரு குக்கிராமம் தன்னைத்தானே எண்ணிக்கொண்டதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் வீடு, பள்ளி, மருத்துவமனை, வேலை ஆகிய எல்லாமே இந்த ஒற்றை எண்ணில்தான் வந்து நிற்கின்றன. "அங்கே வேலையே இல்லை, ஏன் அங்கே கிடக்கிறார்கள், நகரத்துக்கு வரலாமே" என்ற பேச்சு அந்த நாட்டில் அடிக்கடி எழுகிறது. வடேயேயின் கதையைப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் பேச்சு எவ்வளவு தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது புரியும்.

டார்வின் நகரிலிருந்து தென்மேற்கே, சாலை வழியாகச் சுமார் 400 கிலோமீட்டரில், திமோர் கடலை ஒட்டிய சதுப்பும் யூகலிப்டஸ் காடும் கலந்த நிலத்தில் இருக்கிறது வடேயே. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வட பிராந்தியத்தின் மிகப் பெரிய பூர்வகுடிக் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. பழைய பெயர் போர்ட் கீட்ஸ். 1935இல் ரிச்சர்ட் டாக்கர்ட்டி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கடற்கரையோரம் ஒரு மிஷனைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது இப்போதைய இடத்துக்கு மாறியது. சுற்றுவட்டாரத்தில் தங்கள் தங்கள் நிலங்களில் வாழ்ந்த பல குலங்கள் ரொட்டிக்கும் புகையிலைக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று மெல்ல மெல்ல அந்த மிஷனைச் சுற்றி வந்து சேர்ந்தன.

இதில் பலரும் கவனிக்காமல் போகும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் அமைந்திருக்கும் மண் கார்டு டிமினின் என்ற ஒரு குலத்தாருக்குச் சொந்தமானது. மற்ற இருபதுக்கு நெருக்கமான குலங்களும் அவர்கள் பார்வையில் விருந்தாளிகள். விருந்தாளிகளின் எண்ணிக்கை வீட்டுக்காரர்களைவிடப் பலமடங்கு ஆகிவிட்ட ஊர் அது. வெவ்வேறு மொழி பேசியவர்கள் காலப்போக்கில் நிலத்துக்குரியவர்களின் மொழியான முர்ரின்பாத்தாவையே பொதுமொழியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மொழிகளில் பெரும்பாலானவை அழிந்துகொண்டிருக்க, முர்ரின்பாத்தா இன்றும் குழந்தைகள் தாய்மொழியாகக் கற்கும் மொழியாக, பேசுவோர் பெருகும் மொழியாக இருக்கிறது. செய்திகளில் வடேயே என்றாலே கும்பல் சண்டைதான் காட்டப்படும். இந்த மொழி வாழ்வதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போட்டதில்லை.

1976இல் வந்த நில உரிமைச் சட்டத்தால் இந்த நிலம் முழுவதும் பூர்வகுடி அறக்கட்டளையின் உடைமையானது. விற்க முடியாத, பறிக்க முடியாத உடைமை. அதே எழுபதுகளில் பல குடும்பங்கள் மிஷன் ஊரின் நெரிசலையும் சண்டையையும் விட்டுத் தங்கள் சொந்த நிலங்களுக்குத் திரும்பி, சிறு சிறு தாய்நிலக் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டன. மக்கள் தாங்களாகவே தேடிக்கொண்ட நல்ல தீர்வு அது. ஆனால் 2007இல் பெடரல் அரசும் வட பிராந்திய அரசும் செய்துகொண்ட உடன்பாட்டில், தாய்நிலக் குடியிருப்புகளில் பெடரல் பணத்தில் இனி புதுவீடு கிடையாது என்று முடிவானது. அங்கே பிள்ளை வளர்ந்து கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வேண்டுமென்றால், வடேயேக்கு வந்து யாரோ ஒரு உறவினர் வீட்டுக் கூடத்தில் படுக்க வேண்டும்.

எண் எப்படிக் குறைகிறது

2016 கணக்கெடுப்பில் வடேயேயின் மக்கள்தொகை 2,280. 2021இல் 1,924. இருபது ஆண்டில் இரட்டிப்பாக வேண்டிய ஊர், ஐந்தாண்டில் முந்நூறு பேருக்கு மேல் சுருங்கிவிட்டதாகத் தாளில் இருக்கிறது. கொஞ்சப் பேர் வெளியேறியிருக்கலாம். டார்வினுக்குப் போய்த் தங்குபவர்கள் உண்டு, ஊரில் பதற்றம் வந்தால் தாய்நிலங்களுக்கு ஒதுங்குபவர்களும் உண்டு. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு அரசின் புள்ளியியல் துறையே சான்று தருகிறது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அது ஒரு சரிபார்ப்பு ஆய்வை நடத்துகிறது. 2021இல் நாடு முழுவதும் பூர்வகுடி மக்களில் 17.4 விழுக்காட்டினர் விடுபட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. ஏறக்குறைய ஆறில் ஒருவர்! நகரங்களில் வாழும் பூர்வகுடிகளையும் சேர்த்த சராசரி இது. ஒதுக்குப்புறங்களில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

எப்படி விடுபடுகிறார்கள்? கணக்கெடுப்பு ஆகஸ்டு மாதத்தில் வருகிறது. வட ஆஸ்திரேலியாவில் அது மழையில்லாத காலம். சாலை திறந்திருக்கும், மக்கள் சடங்குகளுக்கும் கால்பந்துக்கும் உறவினர் வீடுகளுக்கும் பயணத்தில் இருப்பார்கள். கேள்வித்தாள் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்ற எண்ணத்தில் அமைந்தது. பதினைந்து பேர் இருக்கும் வீட்டில், யார் "வழக்கமாக இங்கே வசிப்பவர்" என்று கேட்டால் மூன்று வீடுகளில் மாறி மாறிப் படுக்கும் இளைஞனின் பெயர் எந்த வீட்டுத் தாளிலும் ஏறாது. கைக்குழந்தைகள் விடுபடும். பிரசவத்துக்காக டார்வினில் காத்திருக்கும் தாய்மார்கள் விடுபடுவார்கள், ஏனென்றால் ஒதுக்குப்புற ஊர்களின் கர்ப்பிணிகள் மாதம் நெருங்கும்போதே நகரத்துக்கு விமானத்தில் அனுப்பப்படுகிறார்கள். வீட்டில் விதிமுறைக்கு மேல் ஆள் இருப்பதைச் சொன்னால் ஏதாவது தொல்லை வருமோ என்ற பயமும் உண்டு. இப்படி விடுபடுபவர்களில் இளம் ஆண்களும் சிறு குழந்தைகளும்தான் அதிகம். அதாவது நாளைக்கு வேலை தேவைப்படுவோரும் பள்ளி தேவைப்படுவோரும்.

விடுபடும் ஒவ்வொரு தலைக்கும் பணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் சரக்கு சேவை வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது மக்கள்தொகையும், ஒதுக்குப்புறத்தில் சேவை தருவதற்கு ஆகும் கூடுதல் செலவும் கணக்கில் வருகின்றன. அதனால்தான் வட பிராந்தியத்துக்குத் தலைக்கு மற்ற மாநிலங்களைவிடப் பலமடங்கு அதிகம் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை எந்த ஊரின் தேவையைக் காட்டி வாங்கினார்களோ அந்த ஊரில்தான் செலவிட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வடேயே போன்ற ஊர்களின் வறுமை டார்வினுக்கு வருமானமாகிறது என்று பூர்வகுடித் தலைவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

ஒரு வீட்டில் பதினாறு பேர்

2000களின் நடுவில் வடேயேயில் ஒரு வீட்டுக்குச் சராசரியாகப் பதினாறு பேர் இருந்தார்கள். மூன்று படுக்கையறை, ஒரு கழிப்பறை, ஒரு அடுப்பு. பதினாறு பேர் குளித்தால் வடிகால் அடைக்கும். பதினாறு பேருக்குத் துணி துவைத்தால் இயந்திரம் ஓராண்டு தாங்காது. இரவில் மூன்று பிரிவாக முறைவைத்துத் தூங்கும் வீட்டில் ஒரு சிறுவன் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போவதும், ஒரு தகப்பன் ஏழு மணிக்கு வேலைக்குப் போவதும் எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை. தொண்டைத் தொற்றும் தோல் தொற்றும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வுகளைக் கெடுக்கின்றன. பணக்கார நாடுகள் மறந்துபோன இந்த நோய் வட பிராந்தியப் பூர்வகுடிகளிடம் உலகின் மிக அதிகமான அளவுகளில் ஒன்றாகக் காணப்படுகிறது. இருபது வயதில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளைஞனிடம் போய் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுகிறோம்.

2002இல் அரசுகள் ஒன்றுகூடி எட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, "இனி எல்லாத் துறைகளும் சேர்ந்து ஒரே கதவு வழியாகச் சேவை தருவோம்" என்று ஒரு சோதனைத் திட்டம் தொடங்கின. வடேயே அவற்றில் ஒன்று. ஊரிலும் நம்பிக்கை பிறந்தது. இருபது குலங்களும் தங்கள் பழைய கூட்டுமுறையின் பெயரிலேயே தமரூர் வட்டார மன்றத்தை 2003இல் அமைத்தன. 2006இல் அந்தச் சோதனையை மதிப்பிட்ட பில் கிரேயின் அறிக்கை சொன்னது இது: மன்றம் கையாள வேண்டிய நிதி ஒப்பந்தங்களின் எண்ணிக்கை குறையும் என்றார்கள், சுமார் 60இலிருந்து 90க்கு மேல் கூடியது. திட்டக் காலத்தில் கட்டப்பட்ட கூடுதல் வீடுகள் நான்கு. அதே காலத்தில் குடியிருக்கத் தகுதியற்றுப்போன வீடுகள் பதினைந்து. பிறந்த குழந்தைகள் இருநூறுக்கும் மேல். இந்த மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

வீடுகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் பாழாகின்றன? "அவர்கள் உடைத்துவிடுகிறார்கள்" என்பது ஆஸ்திரேலியாவில் பரவலான நம்பிக்கை. ஹெல்த்ஹாபிடாட் என்ற அமைப்பு நாடெங்கும் ஆயிரக்கணக்கான பூர்வகுடி வீடுகளை ஆய்வு செய்து பழுதுபார்த்தது. பழுதுகளில் குடியிருப்போரின் தவறான பயன்பாட்டால் வந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு, கட்டும்போதே செய்த கோளாறு. மீதி ஏறத்தாழ எழுபது விழுக்காடு, வழக்கமாகச் செய்ய வேண்டிய பராமரிப்பைச் செய்யாததால் வந்தது. குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வராமல் போனதுதான் பெருங்காரணம். அந்த ஆள் டார்வினிலிருந்து வர வேண்டும். வடேயேயில் வேலையில்லாத இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, ஒரு குழாய் ஒழுகினால் பிளம்பர் விமானத்தில் வருகிறார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது.

2008க்குப் பிறகு பெடரல் பணம் பெருமளவில் வந்தது, வடேயேயில் நூற்றுக்கும் மேற்பட்ட புதுவீடுகள் எழுந்தன. பதிலுக்கு, நிலத்தை 40 ஆண்டுக்கு அரசுக்குக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று ஊர்களிடம் நிபந்தனை வைக்கப்பட்டது. நெரிசல் குறைந்தது, தீரவில்லை. 2022இல் ஊரில் வெடித்த மோதலில் பல வீடுகள் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் காட்டுக்கும் தாய்நிலங்களுக்கும் ஓடினார்கள். அவர்களில் வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. பல குலங்களை ஒரே தெருவில் நெருக்கி அடைத்து, இளைஞர்களுக்கு நாள் முழுக்கச் செய்ய எதுவுமில்லாமல் விட்டால் பழைய பகை ஆறாது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாலையையும் மின்சாரத்தையும் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மழைக்காலம். டேலி ஆறும் ஓடைகளும் பெருகிச் சாலை பல வாரங்களுக்கு, சில ஆண்டுகளில் பல மாதங்களுக்குத் துண்டிக்கப்படும். அப்போது விமானமும் பார்ஜ் எனப்படும் தட்டைச் சரக்குக் கப்பலும்தான். செங்கல்லும் சிமெண்டும் அரிசியும் அதில்தான் வர வேண்டும். வட பிராந்தியத்தின் ஒதுக்குப்புறக் கடைகளில் அதே உணவுக் கூடைக்கு டார்வின் பேரங்காடியைவிட ஏறத்தாழ பாதியளவு கூடுதல் விலை. மின்சாரம் ப்ரீபெய்டு மீட்டரில். பணம் தீர்ந்தால் விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றுவிடும். வட பிராந்தியத்தின் 28 ஒதுக்குப்புற ஊர்களில் சுமார் 3,300 வீடுகளை ஆராய்ந்த ஒரு ஆய்வு, 2018-19 நிதியாண்டில் 91 விழுக்காடு வீடுகளில் ஒருமுறையாவது மின்சாரம் நின்றது என்று கண்டது. நான்கில் மூன்று வீடுகளில் பத்து தடவைக்கு மேல். வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் இது அதிகம்.

நாற்பத்தேழு சென்ட்

2005இல் டெய்லரும் ஓவன் ஸ்டான்லியும் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். ஒதுக்குப்புற மக்களுக்கு அரசு கொட்டிக் கொடுக்கிறது என்கிறார்களே, வடேயே வட்டாரத்தில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது? அவர்கள் கணக்குப்படி, வட பிராந்தியத்தின் சராசரிக் குழந்தை ஒன்றின் கல்விக்கு ஒரு டாலர் செலவானால், வடேயே வட்டாரக் குழந்தைக்கு 47 சென்ட் மட்டுமே செலவானது. காவல், நீதிமன்றம், சிறை ஆகியவற்றில் மட்டும் சராசரியைவிட அதிகம். படிக்கவைக்கக் குறைத்து, பிடித்துவைக்கக் கூட்டியிருக்கிறார்கள்.

ஏன் 47 சென்ட்? பள்ளி வருகையை வைத்துப் பணம் கணக்கிடப்பட்டது பெரும் காரணம். வருகை குறைந்தால் ஆசிரியர் குறைவார், வகுப்பறை குறையும். பிறகு ஏதோ ஓர் ஆண்டு பெற்றோர் அக்கறையோடு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவந்தால், உட்கார இடம் இருக்காது. இந்த ஊரில் அது நடந்திருக்கிறது. மன்றத்து மூத்தவர்கள் பிள்ளைகளைத் திரட்டிப் பள்ளிக்கு அனுப்பிய ஆண்டில் மேசையும் ஆசிரியரும் போதாமல், சில வாரங்களில் பிள்ளைகள் கலைந்துபோனார்கள். அதைப் பார்த்து, "இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதினார்கள். 2000களின் தொடக்கம்வரை ஊரில் முழுமையான உயர்நிலைப் படிப்பே கிடையாது, வெளியூர் விடுதிக்குப் போக வேண்டும். அப்படியானால் இன்று நாற்பது வயதில் இருக்கும் வடேயேக்காரரிடம் பிளம்பர் சான்றிதழ் ஏன் இல்லை என்று கேட்பதில் பொருளில்லை.

வேலை என்று எதைச் சொல்கிறோம்

ஆஸ்திரேலிய அரசின் மொழியில் ஒதுக்குப்புற வேலைவாய்ப்பின் வரலாறு சுருக்கெழுத்துப் பெயர்களின் வரலாறு. 1977இல் சிடிஇபி எனப்படும் சமூக வளர்ச்சி வேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கியது. வேலையில்லாதோர் உதவித்தொகையை ஊர் மன்றத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். மன்றம் அதை வைத்து வாரத்தில் சில நாள் வேலைக்குக் கூலியாகத் தரும். குப்பை அள்ளுவது, பள்ளியில் உதவுவது, தோட்டம், வேலி, கால்நடை என்று ஊருக்கு என்ன தேவையோ அது. குறைகள் இல்லாமல் இல்லை. அரசு தானே சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய நகராட்சி வேலையை உதவித்தொகையில் முடித்துக்கொண்டது என்பது நியாயமான விமர்சனம். இருந்தாலும் முடிவெடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் காசு.

2007இல் பெடரல் அரசு வட பிராந்தியப் பூர்வகுடி ஊர்களில் அவசரநிலைத் தலையீடு என்ற பெயரில் நுழைந்தது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே இடைநிறுத்திவிட்டு, மக்களின் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்தது. அடுத்த ஆண்டு வட பிராந்திய அரசு சிறு சிறு ஊர் மன்றங்களைக் கலைத்துப் பெரிய மாவட்ட மன்றங்களாக இணைத்தது. தமரூர் மன்றமும் அதில் போயிற்று. சிடிஇபி படிப்படியாக ஒழிந்தது. சிடிஇபியில் இருந்தவர்களைக் கணக்கெடுப்பு "வேலையில் இருப்பவர்" என்று எண்ணிவந்தது. திட்டம் போனதும் அவர்கள் "வேலையற்றவர்" ஆனார்கள். பின்னர் வந்த அறிக்கைகளில் ஒதுக்குப்புற வேலைவாய்ப்பு சரிந்ததாகத் தெரிவதில் ஒரு பகுதி இந்தப் பெயர்மாற்றம், இன்னொரு பகுதி உண்மையான இழப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2015இல் வந்த சிடிபி எனப்படும் சமூக வளர்ச்சித் திட்டம் இன்னும் கடுமை. உதவித்தொகைக்காக வாரம் 25 மணி நேரம் ஏதாவது செயல்பாட்டில் இருக்க வேண்டும். நகரத்தில் வேலை தேடுபவர்களுக்கு இல்லாத சுமை. வராத நாளுக்குப் பணம் வெட்டு. தொலைபேசியில் ஆங்கிலத்தில் காத்திருந்து காரணம் சொல்லத் தெரியாதவர்கள் வாரக்கணக்கில் காசில்லாமல் போனார்கள். சிலர் அந்த முறையையே விட்டு வெளியேறினார்கள், அவர்களை உறவினர்கள் ஊட்டினார்கள். 2021இல் கட்டாயம் தளர்ந்தது. 2024 பிப்ரவரியில் பெடரல் அரசு 70 கோடி டாலருக்குச் சற்று மேலான நிதியில், மூன்றாண்டில் நாடு முழுவதுமுள்ள ஒதுக்குப்புறங்களில் 3,000 உண்மையான வேலைகளை உருவாக்குவதாக அறிவித்தது. சட்டப்படியான கூலி, விடுமுறை, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் உண்டு. திசை சரி. அளவு போதாது. இந்த ஒரு ஊரிலேயே வேலை வயதில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

சரி, சுரங்கமும் எரிவாயுவும் இருக்கிறதே? வடேயே கடலோரத்தில் அதுவும் உண்டு. ஜோசப் போனபார்ட் வளைகுடாவில் பிளாக்டிப் என்ற எரிவாயு வயல். இத்தாலிய நிறுவனமான எனி எடுக்கும் வாயு, ஊருக்கு அருகில் எல்செர் கடற்கரையிலுள்ள ஆலைக்கு வந்து, 287 கிலோமீட்டர் குழாய் வழியாகப் போகிறது. 2009 முதல் டார்வின் மின்விளக்குகள் பெரிதும் இந்த வாயுவில்தான் எரிந்தன. கட்டுமானக் காலத்தில் கொஞ்சம் வேலை கிடைத்தது. ஓடத் தொடங்கிய எரிவாயு ஆலைக்குச் சிறுஎண்ணிக்கையிலான திறன்பெற்ற ஆட்கள் போதும், அவர்கள் விமானத்தில் வந்து போவார்கள். நில உரிமைதாரர்களுக்கு இழப்பீடு உண்டு. ஊரின் வேலையின்மையை அது அசைக்கவில்லை. இப்போது அந்த வயலின் உற்பத்தியே குறைந்துவிட்டது. பெருந்திட்டம் ஒன்று வந்து ஒதுக்குப்புற ஊரைக் காப்பாற்றும் என்ற கனவை அரசியல்வாதிகள் விடாமல் விற்கிறார்கள். வடேயே அந்தக் கனவை ஏற்கெனவே வாழ்ந்து பார்த்துவிட்ட ஊர்.

ஊருக்குள்ளேயே இருக்கும் வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊருக்கு ஆசிரியர்கள், செவிலியர்கள், மருத்துவ உதவியாளர்கள், முதியோர் பராமரிப்பாளர்கள், மெக்கானிக்குகள், எலெக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள், கடைச் சிப்பந்திகள், மொழிபெயர்ப்பாளர்கள், விமானத்தளப் பணியாளர்கள் எல்லோரும் தேவை. சம்பளம் ஏற்கெனவே வழங்கப்படுகிறது. வாங்குபவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். ஓரிரு ஆண்டில் போய்விடுவார்கள், வேறொருவர் வருவார், ஊரின் பெயர்களையும் உறவுகளையும் மறுபடி முதலிலிருந்து கற்பார். முர்ரின்பாத்தா மட்டுமே பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாடம் சொல்லத் தகுந்தவர் அந்த மொழி பேசும் ஊர்ப்பெண் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் நெடுங்காலமாக "துணை ஆசிரியர்" பதவியிலேயே நிறுத்தப்படுகிறார். பட்டம் வாங்க டார்வினில் சில மாதம் தங்க வேண்டும். அந்த மாதங்களில் பதினாறு பேர் வீட்டில் அவருடைய பிள்ளைகளை யார் பார்ப்பது?

இதில் என்னை மிகவும் வருத்துவது பணியாளர் குடியிருப்பு விதி. வெளியிலிருந்து வரும் அரசு ஊழியருக்கு வீடு உண்டு. ஒருவர், சில நேரம் தம்பதி, இரண்டு மூன்று படுக்கையறை வீட்டில் இருப்பார்கள். அதே வேலைக்கு உள்ளூரில் எடுக்கப்பட்டவருக்கு, "உனக்குத்தான் ஊரில் வீடு இருக்கிறதே" என்று நெடுங்காலம் அந்த உரிமை மறுக்கப்பட்டது. ஒரே பள்ளியில் ஒரே நேரத்தில் காலை வகுப்புக்கு வரும் இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் எட்டு மணிநேரம் தூங்கியிருப்பார். மற்றவர் தூங்கியிருக்க மாட்டார். ஓராண்டு கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்து, உள்ளூர் ஆட்கள் வேலையில் நிலைப்பதில்லை என்று முடிவு கட்டுவார்கள்.

நிலைத்த வேலைகளும் ஊரில் உண்டு. தமரூர் ரேஞ்சர்கள் இருபது ஆண்டுக்கு மேலாகக் களையெடுப்பு, தீ மேலாண்மை, கடலோரக் காவல், ஆமைக் கண்காணிப்பு என்று வேலை செய்து வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்குச் சொந்தமான தமரூர் வளர்ச்சிக் கழகம் கட்டுமானம் உட்படப் பல தொழில்களை நடத்துகிறது. ரேஞ்சர் வேலையில் இளைஞர்கள் நிற்பதற்குக் காரணம் எளிமையானது. தன் குலத்து நிலத்தில், தன் மொழி பேசும் பெரியவரோடு, தனக்குத் தெரிந்த அறிவுக்கு மதிப்புள்ள வேலை அது. வேலை செய்ய மனமில்லாதவர்கள் என்ற பழியை இவர்களைப் பார்த்த பிறகு சொல்ல முடியாது.

அரசின் இலக்கு ஒன்று இருக்கிறது. 2031க்குள், 25 முதல் 64 வயதுவரையான பூர்வகுடிகளில் 62 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும். 2021இல் நாடு தழுவிய எண் 55.7. அந்த இலக்கு எட்டப்பட்டாலும் வடேயேயில் எதுவும் மாறாமல் போகலாம், ஏனென்றால் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் நகரங்களிலும் நகரங்களுக்கு அருகிலும் வாழ்கிறார்கள். சராசரி உயர்வதற்கு அவர்களே போதும். ஆஸ்திரேலியாவின் நடுவயது 38. வடேயேயில் ஏறக்குறைய பாதிப் பேர் இருபத்தைந்து வயதுக்குள். முதியோர் பெருகித் தொழிலாளர் கிடைக்காமல் திண்டாடும் ஒரு நாட்டில் இது ஒரு வளமாகப் பார்க்கப்பட வேண்டிய செய்தி.

2024 மார்ச்சில் பெடரல் அரசும் வட பிராந்திய அரசும் ஒதுக்குப்புற வீட்டுவசதிக்குப் பத்தாண்டுகளில் 400 கோடி டாலர் ஒதுக்கின. ஆண்டுக்கு 270 வீடுகள் வரை, நெரிசலைப் பாதியாகக் குறைப்பது நோக்கம். வடேயேயின் வேலைவாய்ப்புக்கு இதைவிடப் பெரிய செய்தி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்று நினைக்கிறேன். பணத்தின் அளவைவிட முக்கியமானது பத்தாண்டு என்ற காலம். தச்சரோ பிளம்பரோ எலெக்ட்ரீஷியனோ ஆக நான்காண்டுப் பயிற்சி தேவை. முன்பு வந்த வீட்டுத் திட்டங்கள் பெருமழைபோல வந்து இரண்டு மூன்று ஆண்டில் வற்றின. ஒப்பந்தக்காரர் டார்வினிலிருந்து ஆட்களோடு வந்தார், உள்ளூர் இளைஞன் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருக்கும்போது கிளம்பிவிட்டார். பாதிப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது.

எனவே எத்தனை வீடு என்பதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒப்பந்தம் உள்ளூர்க் கழகத்துக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறதா, அல்லது ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய டெண்டரா? மழைக்காலத்தில் கட்டுமானம் நிற்கும் மாதங்களில் பயிற்சியாளர்களுக்குப் பராமரிப்பு வேலையாவது தந்து சம்பளம் தொடர்கிறதா? கட்டிமுடித்த வீடுகளின் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம்? ஒரு வீட்டைக் கட்டும் வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். அதைப் பழுதுபார்க்கும் வேலை முப்பது ஆண்டு நீடிக்கும். தாய்நிலக் குடியிருப்புகளுக்கும் அந்த வீடுகளில் பங்கு உண்டா? உண்டென்றால் ஊரின் நெருக்கடியும் சண்டையும் குறையும், ரேஞ்சர்கள் தாங்கள் காக்கும் நிலத்திலேயே குடியிருக்கலாம். புதுவீடுகளில் சில, உள்ளூர் ஆசிரியைக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் முன்னுரிமையாக ஒதுக்கப்படுமா? இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தத் தாளில் எழுதப்பட வேண்டிய சில வரிகள்தான். இந்தத் திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் அவை எழுதப்பட்டால், பத்தாவது ஆண்டு முடியும்போது வடேயேயில் இரண்டு தலைமுறைப் பயிற்சியாளர்கள் தொழிலாளர்களாகி இருப்பார்கள்.